லைப்ரரி மாறினாலும் பழைய மென்பொருள் ஓட: லினக்ஸ் பயனர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அப்கிரேடு முடிந்து கணினி மறுபடி எழுந்து வரும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். டெஸ்க்டாப் வரும், இணையம் வரும். அப்புறம், ஆறேழு வருடமாக ஒரு குறையும் சொல்லாமல் வேலை பார்த்த பழைய மென்பொருள் ஒன்றைத் திறப்பீர்கள். டெர்மினலில் ஒரே ஒரு வரி வந்து நிற்கும்: "எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1: கேனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்." மென்பொருளை யாரும் தொடவில்லை. அது சாய்ந்திருந்த சுவரைத்தான், அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பைத்தான், இடித்துக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் கை பரபரக்கும். எங்கிருந்தோ ஒரு பழைய கோப்பை எடுத்து சிஸ்டம் லைப்ரரிகள் இருக்கும் இடத்திலேயே போட்டுவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். என் அனுபவத்தில் உருப்படியான வழி ஒன்றுதான்: சிஸ்டத்தைப் பழைய மென்பொருளுக்காக வளைக்காமல், அந்த மென்பொருளுக்கு மட்டும் ஒரு தனி அறை கட்டிக் கொடுப்பது. அறை சின்னதா பெரியதா என்பது பிழைச் செய்தியைப் பொறுத்தது. கீழே வருவதெல்லாம் அந்த அறையை எப்படிக் கட்டுவது என்பதுதான்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். சூழல் மாறிகளுக்கும் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்புகள்) $ஆரிஜினுக்கும் மட்டும் பெரிய எழுத்து.

எதனால் உடைகிறது

மூன்று விதமாக உடையலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, பெயர் மாறுவது. ஒவ்வொரு பகிர்வு லைப்ரரிக்கும் எஸ்ஓநேம் என்று ஒரு அடையாளப் பெயர் உண்டு. மூலநிரலைக் கம்பைல் செய்யும்போது (கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றும்போது) அந்தப் பெயர் மென்பொருளின் பைனரிக்குள், அதாவது அந்த ஓடும் கோப்புக்குள், பதிந்துவிடும். மறையாக்கத்துக்கான லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.1.1 பதிப்பு வெளியானது 2018 செப்டம்பரில். அதன் எஸ்ஓநேம் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1. 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பின் எஸ்ஓநேம் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3. கடைசியில் உள்ள எண் மாறினால், "பழையபடி பேச மாட்டேன்" என்று லைப்ரரியை எழுதியவர்களே அறிவித்துவிட்டார்கள் என்று அர்த்தம். உபுண்டு 22.04 பழையதைத் தூக்கிவிட்டு 3.0-ஐ மட்டும் வைத்துக்கொண்டது. 1.1-ஐக் கேட்ட மென்பொருள்கள் அன்றே படுத்துவிட்டன.

இரண்டாவது, பெயர் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் செயல்கூறுகளின் (ஃபங்ஷன்களின்) பதிப்பு பொருந்தாது. ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி இப்படித்தான். அதன் எஸ்ஓநேம் பல வருடங்களாக லிப்சி.எஸ்ஓ.6 தான். ஆனால் உள்ளே ஒவ்வொரு செயல்கூறுக்கும் தனித்தனியாகப் பதிப்பு முத்திரை உண்டு. பழைய ஜிலிப்சியில் கம்பைல் செய்தது புதியதில் ஓடும்; புதியதில் கம்பைல் செய்தது பழையதில் ஓடாது. இது ஒருவழிப் பாதை.

மூன்றாவதுதான் கொடுமை. பெயரும் பொருந்தும், பதிப்பும் பொருந்தும், நடத்தை மட்டும் மாறியிருக்கும். இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் மெம்காப்பி. நினைவகத்தில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்குப் பிரதி எடுக்கும் செயல்கூறு அது. இரண்டு இடங்களும் ஒன்றின்மேல் ஒன்று படியக்கூடாது என்பது எழுதப்பட்ட விதி. படிந்தாலும் பழைய ஜிலிப்சியில் தற்செயலாக ஒழுங்காக வேலை செய்தது. 2010-இல் வேகத்துக்காகப் பிரதி எடுக்கும் திசையை மாற்றினார்கள். ஃபெடோரா 14-இல் ஃப்ளாஷ் பிளேயரின் ஒலி கரகரத்துப்போனது. விதியை மீறியது ஃப்ளாஷ்தான். ஆனால் பயனருக்குத் தெரிந்தது "அப்டேட் போட்டேன், பாட்டு கெட்டுப்போச்சு" என்பது மட்டுமே. பிறகு ஜிலிப்சி 2.14-இல் மெம்காப்பிக்குப் புதிய முத்திரை ஒன்று கொடுத்து, பழைய பைனரிகளுக்குப் பழைய நடத்தையையே திருப்பித் தந்தார்கள்.

அப்கிரேடுக்கு முன்னால் அரை மணி நேரம்

ஏற்கெனவே உடைந்துபோய் இதைப் படிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

முதலில் ஸ்னாப்ஷாட். பிடிஆர்எஃப்எஸ், எல்விஎம், விர்ச்சுவல் மெஷின், எதுவாக இருந்தாலும் சரி, திரும்பி வர ஒரு வழி இருக்க வேண்டும். அடுத்து, பேக்கேஜ் மேனேஜருக்கு வெளியே நிறுவப்பட்டவை எவை என்று பட்டியல் எடுங்கள். பெரும்பாலும் அவை /ஆப்ட் அல்லது /யூஎஸ்ஆர்/லோக்கல் அடியில் இருக்கும். பேக்கேஜாக வந்ததைப் பேக்கேஜ் மேனேஜர் பார்த்துக்கொள்ளும். கையால் வைத்ததை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பைனரி மீதும் எல்டிடி கட்டளையை ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். எந்த லைப்ரரி எந்தப் பாதையிலிருந்து வந்தது என்ற இந்தப் படம் அப்கிரேடுக்குப் பிறகு பொன்னானது. பிறகு ஆப்ட்-கெட் கட்டளையை ஹைஃபன் எஸ் சேர்த்து ஒத்திகையாக ஓட்டுங்கள். எவை நீக்கப்படும் என்று அது காட்டும் பட்டியலில் லிப் என்று தொடங்கும் பெயர்களை மட்டும் உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே, எது விழும் என்று முக்கால்வாசி முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எல்டிடி பற்றி ஓர் எச்சரிக்கை. சில சூழ்நிலைகளில் அது அந்த நிரலையே இயக்கிவிடக்கூடும். நம்பகமில்லாத கோப்பு என்றால் அதற்குப் பதிலாக ரீட்எல்ஃப் ஹைஃபன் டி போட்டு, "நீடெட்" என்று வரும் வரிகளைப் படியுங்கள். இது கோப்பைப் படிக்க மட்டுமே செய்யும்.

லைப்ரரியை அப்கிரேடு செய்தும் மென்பொருள் நன்றாகவே ஓடுகிறது என்று நினைத்துவிடும் வாய்ப்பும் உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல், பழைய லைப்ரரியை நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கும். வட்டிலிருந்து கோப்பை நீக்கினாலும் அதன் பிடி விடாது. இரண்டு மாதம் கழித்து யாரோ சர்வரை ரீஸ்டார்ட் செய்வார்கள், அன்றைக்குத்தான் உடையும்; அதற்குள் அப்கிரேடு செய்ததையே எல்லோரும் மறந்திருப்போம். /ப்ராக் அடைவில் அந்த நிரலின் எண்ணுக்குள் போய், மேப்ஸ் கோப்பில் "டிலீட்டட்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். டெபியன் வகைகளில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இதையே தானாகச் செய்யும். எப்படியானாலும், அப்கிரேடு செய்த அன்றே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுவது நல்லது.

பிழைச் செய்தியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

பாதி வேலை இங்கேதான். அவசரத்தில் "ஏதோ லைப்ரரி பிரச்சினை" என்று பொத்தாம்பொதுவாக எடுத்துக்கொண்டு தேட ஆரம்பித்தால், வேறு நோய்க்கான மருந்தைச் சாப்பிடுவோம்.

"கேனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்" என்று வந்தால், அந்தப் பெயரில் கோப்பே கிடைக்கவில்லை. முதல் வகை உடைப்பு. எளிதானது.

"வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் நிலைமை தலைகீழ்: மென்பொருள் புதியது, உங்கள் சிஸ்டம் பழையது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் வந்த ஜிலிப்சி 2.34-இல், அதுவரை தனியாக இருந்த லிப்பிதிரெட் போன்றவற்றை லிப்சிக்குள்ளேயே சேர்த்தார்கள். நிரல் தொடங்கும் இடத்தில் வரும் செயல்கூறுக்கே புதிய முத்திரை விழுந்தது. அதனால் அதன்மேல் கம்பைல் ஆகும் ஏறக்குறைய எந்த நிரலும் 2.34-ஐக் கேட்கும். உபுண்டு 20.04-இல் இருப்பது 2.31, 22.04-இல் 2.35. புதியதில் கம்பைல் செய்து பழையதில் போட்டால் இந்தச் செய்திதான் வரும்.

"அன்டிஃபைன்ட் சிம்பல்" என்றால் லைப்ரரி கிடைத்தது, உள்ளே தேடிய செயல்கூறு இல்லை. பெரும்பாலும் தவறான பதிப்பு ஏற்றப்பட்டிருக்கும்.

கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று வந்தால் தலை சுற்றும். எல்எஸ் போட்டால் கோப்பு தெரிகிறது, ஓட்டினால் இல்லை என்கிறது! இல்லாமல் போனது அந்தக் கோப்பு அல்ல, அதை ஏற்றி வைக்கும் லோடர். அநேகமாக அது 32-பிட் பைனரியாக இருக்கும். உங்கள் 64-பிட் சிஸ்டத்தில் 32-பிட் லோடர் இருக்காது. ஃபைல் கட்டளையைப் போட்டுப் பாருங்கள், உடனே சொல்லிவிடும். டெபியன் வகைகளில் டிபிகேஜி மூலம் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் செய்து, லிப்சி6-இன் ஐ386 பதிப்பை நிறுவினால் பெரும்பாலும் முடிந்தது.

செய்தியே இல்லாமல் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று மட்டும் வந்தால், மூன்றாம் வகையாக இருக்கலாம், அல்லது யாரோ செய்துவைத்த சிம்லிங்க்காக (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயராக) இருக்கலாம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

எந்தச் செய்தியாக இருந்தாலும், எனக்குக் கைகொடுத்த கருவி எல்டி_டீபக். இந்தச் சூழல் மாறிக்கு லிப்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்து, அதே வரியில் நிரலை ஓட்டுங்கள். லோடர் ஒவ்வொரு லைப்ரரியையும் எங்கெங்கே தேடியது, எங்கே கிடைத்தது என்று ஒரு புராணமே பாடும். நூற்றுக்கணக்கான வரிகள் வரும். பயப்படாமல் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். எல்டிடி காட்டாத ஒன்றையும் இது காட்டும்: நிரல் ஓட ஆரம்பித்த பிறகு, நடுவில் செருகுநிரல்கள் வழியாக ஏற்றும் லைப்ரரிகள். "எல்டிடியில் எல்லாம் சரியாக இருக்கிறதே, பிறகு ஏன்?" என்று குழம்பி நிற்பவர்களுக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சிம்லிங்க் என்ற சபலம்

லிப்ஃபூ.எஸ்ஓ.5-ஐக் கேட்கிறதா? .6 இருக்கிறதே, 5 என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டால் போச்சு. இந்த ஆலோசனை எங்கும் கிடைக்கும், சில சமயம் வேலையும் செய்யும். வேலை செய்வதுதான் ஆபத்தே.

நான் ஒருமுறை ஒரு படக்கோப்பு லைப்ரரிக்கு இப்படிச் செய்தேன். நிரல் திறந்தது, நான்கைந்து படங்களைச் சோதித்தேன், எல்லாம் ஓடியது. வேலை முடிந்தது என்று மூட்டை கட்டினேன். ஒன்பது நாள் கழித்து ஒரு குறிப்பிட்ட வகைப் படம் வந்தபோது நிரல் சத்தமில்லாமல் செத்தது. அதிலும் இரவு வேலையின் நடுவில், பாதி எழுதிய கோப்பை விட்டுவிட்டு. புதிய பதிப்பில் ஒரு தரவுக் கட்டமைப்புக்குள் ஒரு புலம் கூடியிருந்தது; பழைய நிரல் பழைய அளவுக்கே இடம் ஒதுக்கியது; லைப்ரரி அந்த இடத்தைத் தாண்டி எழுதியது. அந்த ஒரு வகைப் படத்தில் மட்டும் அந்தப் புலம் பயன்பட்டது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அதில் ஒன்றரை நாள், நானே போட்ட சிம்லிங்க்கை மறந்து, வட்டில் கோளாறு என்று தேடியதில் போனது.

பெயரின் எண் மாறியிருக்கிறதென்றால், உள்ளே அமைப்பு மாறியிருக்கிறது என்பதற்காகத்தான் மாற்றியிருக்கிறார்கள். சில லைப்ரரிகள் பதிப்பு முத்திரையைச் சரிபார்த்து முதலிலேயே மறுத்துவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் அப்படித்தான், 3-ஐ 1.1 என்று பெயர் மாற்றிக் காட்டினால் ஏமாறாது. ஏமாறும் லைப்ரரிகள்தான் பயமுறுத்துபவை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. உபுண்டு 24.04-இல் 32-பிட் கட்டமைப்புகளின் நேர அளவை 64-பிட்டாக மாற்றும் பெரிய வேலையோடு சேர்ந்து, லிப்ஏஐஓ.எஸ்ஓ.1 என்ற பெயர் லிப்ஏஐஓ.எஸ்ஓ.1டி64 ஆனது. வெளியிலிருந்து வாங்கிய சில தரவுத்தள மென்பொருள்கள் பழைய பெயரைத் தேடி நின்றுபோயின. ஆனால் 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் நேர அளவு முன்பே 64-பிட்தான். உள்ளே எதுவும் மாறவில்லை, பெயர் மட்டும்தான் மாறியது. அங்கே சிம்லிங்க் போடுவதில் தப்பில்லை. ஏன் பெயர் மாறியது என்று தெரிந்த பிறகு போடும் சிம்லிங்க் வேறு, தெரியாமல் போடுவது வேறு.

முதலில் பேக்கேஜ் மேனேஜரிடம் கேளுங்கள்

ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் காம்பேட்-ஓப்பன்எஸ்எஸ்எல்11 என்ற பேக்கேஜ் இருக்கிறது. ஃபெடோராவில் லிப்எக்ஸ்கிரிப்ட்-காம்பேட் இருக்கிறது. இப்படி "காம்பேட்" என்ற சொல்லோடு தேடிப் பாருங்கள். எஸ்ஓநேம் வேறு என்பதால் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் சண்டையில்லாமல் இருக்கும். இது கிடைத்தால் கட்டுரையின் மீதியை மூடிவிடலாம்.

கிடைக்காதபோது பலர் செய்வது, முந்தைய வெளியீட்டின் பேக்கேஜ் களஞ்சியத்தையே சிஸ்டத்தில் சேர்த்துவிடுவது. வேண்டாம். அடுத்த அப்டேட்டின்போது எந்தப் பேக்கேஜ் எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாத கலவைச் சோறாகிவிடும்.

தனி அறை: ஓர் அடைவு, ஒரு ஸ்கிரிப்ட்

நான் அதிகம் பயன்படுத்துவது இந்த முறைதான். பழைய லைப்ரரியை நிறுவ வேண்டாம். பிரித்தெடுத்து மென்பொருளின் பக்கத்தில் வைத்தால் போதும்.

பழைய வெளியீட்டின் பேக்கேஜை அதிகாரபூர்வ காப்பகத்திலிருந்து எடுங்கள். டெபியன், உபுண்டு இரண்டுமே பழைய வெளியீடுகளைத் தனிக் காப்பகங்களில் வைத்திருக்கின்றன. டிபிகேஜி-டெப் கட்டளையை ஹைஃபன் எக்ஸ் சேர்த்து ஒரு தற்காலிக அடைவைக் காட்டினால், பேக்கேஜ் நிறுவப்படாமல் அங்கே பிரிந்து விழும். ஆர்பிஎம் என்றால் ஆர்பிஎம்2சிபிஐஓ வழியாக. பிரிந்ததில் உங்களுக்கு வேண்டிய .எஸ்ஓ கோப்புகளை மட்டும், /ஆப்ட் அடியில் மென்பொருளின் அடைவுக்குள் லிப் என்று ஒரு துணை அடைவு உருவாக்கிப் போடுங்கள்.

இப்போது அந்த இடத்தை மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வழி.

ஒன்று, ரேப்பர் ஸ்கிரிப்ட். எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியில் அந்த அடைவைக் கொடுத்து, எக்ஸெக் மூலம் அசல் பைனரியைத் தொடங்கும் மூன்று வரி ஷெல் ஸ்கிரிப்ட். இந்த மாறியைப் பயனரின் பேஷ்ஆர்சி கோப்பில் போடவே போடாதீர்கள். போட்டால் அந்தப் பயனர் ஓட்டும் எல்லா நிரல்களும் பழைய லைப்ரரியைத் தேடிப் போகும். ஸ்கிரிப்டுக்குள் வைத்தாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. இந்த மாறி பிள்ளை நிரல்களுக்கும் பரம்பரையாகப் போகும். உங்கள் பழைய மென்பொருள் உள்ளுக்குள் கர்ல் போன்ற இன்னொரு கட்டளையை அழைத்தால், அதற்கும் இதே பழைய அடைவு போய்ச் சேரும். மென்பொருள் ஓடும், அறிக்கை மட்டும் மின்னஞ்சலில் போகாது. இப்படி ஒரு புகாரைத் துரத்திக்கொண்டு ஒரு மாலை முழுவதும் மெயில் சர்வர் அமைப்பைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வழி பேட்ச்எல்ஃப். பைனரிக்குள்ளேயே "லைப்ரரியை இங்கே தேடு" என்று எழுதிவிடும் கருவி. முதலில் பைனரியை நகல் எடுத்து வையுங்கள். பிறகு செட்-ஆர்பாத் விருப்பத்தோடு $ஆரிஜின்/லிப் என்ற மதிப்பைக் கொடுங்கள். $ஆரிஜின் என்றால் அந்தப் பைனரி இருக்கும் அடைவு. அடைவை அப்படியே வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் வேலை செய்யும். ஒற்றை மேற்கோள் குறிக்குள் கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஷெல் அதைத் தன் மாறி என்று நினைத்து விழுங்கிவிடும். பிள்ளை நிரல்களுக்கு இது பரவாது என்பதால் எனக்கு இதுதான் பிடித்தது.

நுணுக்கம் ஒன்று. பேட்ச்எல்ஃப் இயல்பாக எழுதுவது ரன்பாத் என்ற புதிய வகை. அது பைனரி நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கு மட்டும் செல்லும். அந்த லைப்ரரி கேட்கும் அடுத்த லைப்ரரிக்குச் செல்லாது. லிப்எஸ்எஸ்எல் கிடைத்தது, அது தேடும் லிப்கிரிப்டோ கிடைக்கவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். அடைவுக்குள் இருக்கும் லைப்ரரிகளுக்கும் தனித்தனியாக $ஆரிஜின் என்று எழுதிவிடுங்கள், அல்லது ஃபோர்ஸ்-ஆர்பாத் விருப்பத்தைச் சேருங்கள்.

இந்த அறைக்குள் எதை வைக்கக்கூடாது என்பதும் முக்கியம். லிப்சி.எஸ்ஓ.6-ஐ வைக்காதீர்கள். ஜிலிப்சியும் அதன் லோடரும் ஒரே பதிப்பில் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் முதல் வரியிலேயே விழும். பழைய பைனரிக்குப் புதிய ஜிலிப்சி போதும், அதற்காகத்தான் அந்த முத்திரைகளே. லிப்எஸ்டிடிசி++-ஐயும் தவிர்க்கப் பாருங்கள். அதன் எஸ்ஓநேம் 2004-இல் வந்த ஜிசிசி 3.4 முதல் ஒன்றேதான். பழையதைப் பக்கத்தில் வைத்தால், சிஸ்டத்தின் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிய லிப்எஸ்டிடிசி++-ஐத் தேடி, பழையதைப் பார்த்து மிரளும். தன்னோடு லைப்ரரிகளைக் கட்டிக்கொண்டு வரும் பழைய விளையாட்டுகள் திறக்காமல் போனால், அவற்றின் அடைவில் உள்ள லிப்எஸ்டிடிசி++ கோப்பை வேறு பெயருக்கு மாற்றிப் பாருங்கள். பல நேரம் அதுவே தீர்வு.

சிஸ்டத்தின் ஜிலிப்சியைக் கையால் மாற்ற முயல்வது பற்றி ஒரு வாக்கியம் போதும்: மாற்றிய நொடியில் எல்எஸ், சிபி, பேஷ் எதுவும் ஓடாமல் போகலாம், அந்த சிஸ்டத்துக்குள்ளிருந்தே திருப்பி வைக்கவும் முடியாமல் போகலாம்.

லைப்ரரி சரி, நடத்தை மாறிவிட்டது

ஓப்பன்எஸ்எஸ்எல் 3-இல் எம்டி4, ஆர்சி4, பழைய டெஸ் போன்ற வலுவிழந்த மறையாக்க முறைகளை "லெகசி" என்ற தனிப் பெட்டிக்குள் ஒதுக்கிவிட்டார்கள். இயல்பாக அந்தப் பெட்டி பூட்டியிருக்கும். இணையத் தொடர்பை மறையாக்கும் நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டும் இயல்பான பாதுகாப்பு மட்டத்தில் மறுக்கப்படும். நோட் ஜேஎஸ் 17-க்கு மாறியவர்கள் "டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ் அன்சப்போர்ட்டட்" என்ற பிழையோடு மல்லுக்கட்டியது இதனால்தான். பழைய பி12 சான்றிதழ் கோப்பு சரியான கடவுச்சொல் கொடுத்தும் திறக்கவில்லையா? பிகேசிஎஸ்12 கட்டளையோடு லெகசி விருப்பத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

பெட்டியைத் திறக்க சிஸ்டம் முழுவதற்குமான ஓப்பன்எஸ்எஸ்எல்.சிஎன்எஃப் கோப்பைத் திருத்த வேண்டாம். அதை நகல் எடுத்து மென்பொருளின் அடைவில் வைத்து, நகலில் லெகசியை இயக்குங்கள். பிறகு ரேப்பர் ஸ்கிரிப்டில் ஓப்பன்எஸ்எஸ்எல்_கான்ஃப் மாறியில் அந்தப் பாதையைக் கொடுங்கள். இங்கே எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று உண்டு: லெகசியை மட்டும் இயக்கினால், அதுவரை தானாக வந்துகொண்டிருந்த டீஃபால்ட் பெட்டி வராமல் போய்விடும். ஆர்சி4 வேலை செய்யும், அன்றாடம் வேண்டிய ஏஇஎஸ் வேலை செய்யாது! நகலில் இரண்டையும் வெளிப்படையாக இயக்குங்கள்.

பெரிய அறை: கண்டெய்னர்

மென்பொருள் கேட்பது இரண்டு மூன்று லைப்ரரி என்றால் அடைவு போதும். இருபது என்றால், ஒவ்வொன்றாகப் பொறுக்குவதை விட்டுவிட்டு அது பிறந்த காலத்து சிஸ்டத்தையே ஒரு கண்டெய்னருக்குள் (மற்றதிலிருந்து பிரித்து வைத்த தனி லினக்ஸ் சூழலுக்குள்) எழுப்புங்கள். டாக்கர், பாட்மேன் எதுவானாலும் சரி. அந்தக் காலத்து டெபியன் படிமத்தை எடுத்து, களஞ்சிய முகவரியைக் காப்பகத்துக்கு மாற்றி, மென்பொருளை உள்ளே நிறுவி, தரவு அடைவை மட்டும் வெளியிலிருந்து இணையுங்கள். வரைகலை மென்பொருள் என்றால் டிஸ்ட்ரோபாக்ஸ் தொல்லையைக் குறைக்கும். திரை, ஒலி, ஹோம் அடைவு எல்லாவற்றையும் அதுவே இணைத்துவிடும்.

கண்டெய்னருக்குள் எல்லாம் பழையது, லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் மட்டும் வெளியே உள்ள புதியது. சென்ட்ஓஎஸ் 6 அளவுக்குப் பழைய படிமங்களில் இது இடிக்கும். எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும் ஒரு எழுத்துகூட வராமல் 139 என்ற வெளியேறு எண்ணோடு கண்டெய்னர் முடியும். பழைய ஜிலிப்சி விசிஸ்கால் என்ற பழங்காலக் கர்னல் வசதியை நம்பியிருக்கிறது. பல புதிய கர்னல்களில் அதை மூடியிருப்பார்கள். கர்னலின் தொடக்க அளவுருக்களில் விசிஸ்கால்=எமுலேட் என்று சேர்த்து ரீபூட் செய்தால் ஓடும். பாதுகாப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். மென்பொருள் தனக்கென்று ஒரு கர்னல் மாட்யூலைக் கேட்கிறதென்றால் கண்டெய்னர் உதவாது; விர்ச்சுவல் மெஷினுக்குப் போய்விடுங்கள்.

மூலநிரல் கையில் இருந்தால்

மறுபடி கம்பைல் செய்வதே சுத்தமான வழி. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1-க்கு எழுதியவை பெரும்பாலும் 3-இலும் கம்பைல் ஆகும். "டெப்ரிகேட்டட்" என்று எச்சரிக்கைகள் கொட்டும், அவ்வளவுதான். கம்பைலரும் மாறியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஜிசிசி 10 முதல் ஒரே பொது மாறியைப் பல கோப்புகளில் வரையறுத்தால் "மல்டிபிள் டெஃபினிஷன்" என்று நிற்கும். எஃப்காமன் விருப்பம் அதைச் சமாளிக்கும். ஜிசிசி 14-இல், அறிவிக்காமல் அழைக்கும் செயல்கூறுகள் எச்சரிக்கையிலிருந்து பிழையாகிவிட்டன. இருபது வருடத்துக்கு முந்தைய சி நிரல்களில் இது எங்கும் இருக்கும். நேரம் இருந்தால் மூலநிரலையே திருத்துங்கள், அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

கம்பைல் செய்ததை மற்றவர்களுக்கும் கொடுக்கப்போகிறீர்களானால், அவர்களிடம் இருப்பதிலேயே பழைய சிஸ்டத்தில் கம்பைல் செய்யுங்கள். பைதான் பேக்கேஜ்களுக்கான மெனிலினக்ஸ்2014 வடிவம் ஜிலிப்சி 2.17-ஐ அடிப்படையாக வைத்திருப்பது இதே காரணத்தால்தான்.

ஓடுகிறது என்று எப்போது சொல்லலாம்

திரை திறந்துவிட்டது என்பதால் சொல்ல முடியாது. லோடர் சோம்பேறி. ஒரு செயல்கூறை முதன்முதலில் அழைக்கும்போதுதான் பெரும்பாலும் அதைத் தேடும். மாதக் கடைசியில் மட்டும் அமுக்கும் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் செயல்கூறு இல்லையென்றால், அது மாதக் கடைசியில்தான் தெரியும். எல்டி_பைண்ட்_நவ் மாறிக்கு 1 என்று கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே தேடி, இல்லாததை அங்கேயே சொல்லிவிடும். எல்டிடி ஹைஃபன் ஆர் போட்டாலும் விடுபட்ட செயல்கூறுகளின் பட்டியல் கிடைக்கும். இவை செயல்கூறு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். மூன்றாம் வகை உடைப்பைப் பிடிக்க, அப்கிரேடுக்கு முன் எடுத்த ஒரு வெளியீட்டையும் இப்போதைய வெளியீட்டையும் பைட் பைட்டாக ஒப்பிடுவதைத் தவிர வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-இல் முடிந்தது. அன்று வந்த 1.1.1டபிள்யூ தான் எல்லோருக்கும் கிடைக்கும் கடைசிப் பதிப்பு. நீங்கள் பிரித்தெடுத்து வைத்த நகலுக்கு எந்த அப்டேட்டும் தானாக வராது. அப்படிப்பட்ட மென்பொருள் இணையத்தைத் தொடத் தேவையில்லை என்றால் தொட விடாதீர்கள். கண்டெய்னரை நெட்வொர்க் இல்லாமலேயே தொடங்கலாம். தொட்டே ஆக வேண்டுமென்றால், வெளி உலகத்தோடு புதிய டிஎல்எஸ் பேசும் ஒரு ப்ராக்ஸியை முன்னால் நிறுத்தி, பழையது அதனுடன் மட்டும் பேசட்டும்.

கடைசி வேலை ஐந்து நிமிடம். லிப் அடைவுக்குள் ஒரு சாதாரண உரைக்கோப்பு உருவாக்கி, எந்தக் கோப்பை எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள், எந்தப் பிழைக்காக, எந்தத் தேதியில், எந்த நிபந்தனை வந்தால் இதை அழித்துவிடலாம் என்று எழுதி வையுங்கள். நான் போட்ட சிம்லிங்க்குப் பக்கத்தில் அப்படி ஒரு கோப்பு இருந்திருந்தால், அந்த ஒன்றரை நாள் வட்டைச் சோதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.